கெட்டவனுக்கு ஓர் உடம்பு

போன கிழமை, கொழும்பு வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில், தகரத் தடுப்புக்குப் பின்னால் கைகளை உயர்த்தி நின்றபோதுதான் அந்தக் கேள்வி தோன்றியது. பெண் பொலிஸ் என் வயிற்றை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். "மொக்கத மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறாள். "மகே பட, மிஸ்" என்றேன். என் வயிறு. அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற மெலிந்த அக்காவை மேலோட்டமாகத் தடவி அனுப்பியிருந்தாள். என் பையில் வாடகைக்கு எடுத்த சித்திரக்கதை ஒன்று கிடந்தது. அதில் கடத்தல்காரன் தொப்பைக்குக் கீழேதான் துப்பாக்கியை மறைத்திருப்பான். இவளும் இப்படிப்பட்ட கதைகளை வாசித்துத்தான் வளர்ந்திருப்பாளோ? கோபம் வரவில்லை. அந்த இடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் வருவதில்லை. பையை மூடிக்கொண்டு நடப்போம்.

வீட்டிலிருந்த சித்திரக்கதைகளை எல்லாம் புரட்டினேன். தங்கம் கடத்துபவன், அணையை உடைக்க வருபவன், வேற்றுக்கிரக அரசன், எல்லோருக்கும் தொப்பை, இரட்டை நாடி, விரல் நிறைய மோதிரம், கையில் கோழிக்கால். துப்பறிபவனுக்கு இடுப்பே இல்லை.

மேல்மாடியில் இருக்கும் சிநேகிதியிடம் ஓடினேன். நான் கதை எழுத, அவள் படம் கீற, எங்கள் கொப்பி வகுப்பெல்லாம் சுற்றும். இந்த முறை முத்துத் திருடன் கதை.

"கள்ளனை மெல்லிசாய்க் கீறு."

"எடி, பிறகு அவன்தான் கள்ளன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கதையை வாசிச்சுத் தெரியட்டும்."

"உன்ர கதையை ஆர் வாசிக்கினம்? படத்தைத்தான் பாக்கினம்."

ஆனாலும் கீறினாள். நெடிய உடம்பு, ஒட்டிய கன்னம், காற்சட்டைக்கு வெளியே விட்ட சேட்டு. இருவரும் பார்த்தோம்.

"அண்ணா மாதிரி இருக்கு" என்றாள், பென்சிலைச் சீவிக்கொண்டே. வெளிநாடு போக, வீட்டாருக்கு முன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்த அவளுடைய அண்ணாவைச் சுற்றிவளைப்பில் பிடித்துப் போன பொலிஸார் இன்னும் விடவில்லை. மழை வரப்போகிறது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் படத்தை அழித்தாள். நானும் ரப்பர் தூளை ஊதிவிட்டேன்.

"அப்ப கள்ளனுக்கு யூனிபோர்ம் போட்டுக் கீறுவமா?" என்று கேட்டேன்.

குசினியிலிருந்து அவளுடைய அம்மா சொன்னார்: "ரெண்டு பேரும் அந்தக் கொப்பியை அடுப்புக்குள்ள வைச்சிட்டுச் சாப்பிட வாங்கோ."

கெட்டவனுக்குக் கொடுக்க வேறு உடம்பு கிடைக்கவில்லை. "பேசாமல் தொப்பையைப் போட்டிடுவம், கீறவும் சுகம்" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. அவள் போட்டால் அது என் வயிறுதான்.

"அப்ப என்னைக் கீறு."

"கள்ளியாவோ?"

"கள்ளனைப் பிடிக்கிறவளாய். துரத்திக்கொண்டு ஓடுறன். அவன்ர நிழலை மட்டும் கீறினால் காணும்."

சிரித்தாள். பிறகு பென்சிலை நிமிர்த்தி என்னை அளந்து பார்த்தாள். மொத்தமான ஆட்கள் ஓடினால் நிலம் வெடிக்க, வியர்வை தெறிக்கத்தான் அவளுக்குக் கீறத் தெரியும். நாங்கள் வாசித்ததெல்லாம் அப்படித்தான்.

"நீ உண்மையா ஓடி நான் கண்டதில்லையடி."

"கடற்கரையில ஓடிக் காட்டட்டா?"

"விசரி! அங்க ஓடினால் ஏன் ஓடுறாய் எண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

ஆகவே பள்ளிக்கூட மைதானம். நாளைக் காலை, மணி அடிக்க முன்னர். அவள் கொப்பியோடு ஓரத்தில் இருப்பாள். நான் ஓட வேண்டும். எத்தனை தரம் என்று கேட்டேன். படத்தில் கால் சரியாக வரும்வரை என்றாள்.