நாய்க்காகக் கற்ற தெலுங்கு

ரூபா பேசும் தெலுங்கைக் கேட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். அதில் பாதிப் பழி எனக்கு, மீதிப் பழி புஜ்ஜிக்கு. புஜ்ஜி என்பது நாய்.

திருப்பதியில் நாகபூஷணம் சார் வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் சாரும் அவர் மனைவியும். கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் தையல் மிஷினோடு நான். இன்னொன்றில் ஜனவரியில் ரூபாவும் அவள் புருஷன் பாபுவும் வந்து சேர்ந்தார்கள். சொந்த ஊர் தமிழ்நாட்டில், தெலுங்கே காதில் விழாத ஒரு கிராமம். பாபுவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவான். அதுவரை அவளுக்குத் தமிழில் பேச நான் ஒருத்திதான். நானோ கல்யாண சீசனில் வாய் நிறையக் குண்டூசியோடு உட்கார்ந்திருப்பவள்.

முன்பு அந்த போர்ஷனில் இருந்தவர்கள் கர்நூலுக்கு மாற்றலாகிப் போனார்கள். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட வண்டியில் ஏற்றினார்கள், நாயை மட்டும் மறந்துவிட்டார்கள். புஜ்ஜி பத்து நாள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ரூபா சோறு வைத்தாள், கூப்பிட்டாள். அது திரும்பியும் பார்க்கவில்லை.

“கமலாக்கா, இதுக்குக் காது கேக்கலியா?” என்றாள்.

“காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. அது தெலுங்கு நாய். வான்னா அதுக்கு இன்னா தெரியும்? ரான்னு கூப்புடு.”

“ரா” என்றாள். வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரூபாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து என்னிடம் வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கிப் போனாள். உட்காருவதற்குக் ‘கூச்சோ’. கை கொடுப்பதற்குச் ‘செய்யி இய்யி’. தின்பதற்குத் ‘தினு’. கடைக்குப் போனால் விரலை நீட்டிச் சாமான் வாங்குகிற பெண், நாயோடு நாள் முழுக்கத் தெலுங்கு பேசினாள்.

சும்மா இருக்கும் சுபாவம் அவளுக்குக் கிடையாது. காக்காய் ஏன் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் முக்கித் தின்கிறது, பல்லி மத்தியானத்தில் எங்கே போய் ஒளிகிறது, அணில் ஏன் சுவரில் கைகாலைப் பரப்பிக்கொண்டு குப்புறக் கிடக்கிறது என்று ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடி வருவாள். நான் குண்டூசியை எடுத்துவிட்டு “எனக்கு எப்டிம்மா தெரியும்” என்பேன். போய் மறுபடி உற்றுப் பார்ப்பாள்.

மே மாதம் வந்தது. தமிழர்களுக்குக் கத்திரி முடிகிற சமயத்தில் தெலுங்குக்காரர்களுக்கு ரோகிணி கார்த்தெ என்கிற அவர்களுடைய கத்திரி பிறக்கும். எங்கள் ஊரில் இரண்டையும் சேர்த்தே அனுபவிக்கலாம். அந்த வெயிலில்தான் புஜ்ஜி மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டியதும் வேறெங்கும் இல்லை, சார் வைத்திருந்த மல்லிச் செடிகளுக்கு நடுவில். இரண்டு செடி போய்விட்டது.

சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கடப்பா பக்கத்து மனிதர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பேப்பரில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். அவருக்கு வயது எழுபத்து நாலு. அவர் எதிரே உட்கார்ந்து பேசும் ஆளை நான் பார்த்ததில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, “பலமனேரில் என் சிநேகிதர் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். ஊரும் குளிர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், நாயை ஏற்றிவிடச் சொல்” என்றார். நியாயமான பேச்சுதான். ரூபாவிடம் சொன்னதும் அழுதுவிட்டாள்.

“அது போய்ட்டா நான் யார்கிட்டக்கா பேசுவேன்?”

குத்துக்கல் மாதிரி எதிரே நான் இருக்கும்போதே இப்படிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குண்டூசிக்காரியைவிட நாய் மேல் என்று அவளுக்குத் தோன்றியதில் தப்பும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் குழியருகே குந்திக்கொண்டு உள்ளே கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். ஓடி வந்தாள்.

“அக்கா, மேல மண்ணு சுடுது. உள்ள கைய வச்சா சில்லுனு கீது. அது செடிய கெடுக்கணும்னு தோண்டல. வயித்த வச்சிக்கினு படுக்கத்தான் தோண்டுது. சார் இத தெரிஞ்சிக்கினா அனுப்பமாட்டாரு.”

“நான் போயி சொல்றேன்.”

“நீ சொன்னா நீ கேட்டதா ஆயிடும். என் நாயிக்கி நாந்தான் கேக்கணும்.”

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். வெள்ளைப் பஞ்சகச்சமும் கையில் பேப்பருமாகச் சார் இறங்கி வந்தார். ரூபா குழியருகே ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாள். நான் ஜன்னல் ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன்.

“சார், ரா” என்றாள்.

என் மிஷின் நின்றுவிட்டது. சாரும் நின்றார். தனக்குப் பின்னால் நாய் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். நாய் அவள் காலடியில் படுத்திருந்தது.

“கூச்சோ” என்று ஸ்டூலைக் காட்டினாள். மனிதர் அதிர்ச்சியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“செய்யி இய்யி.”

கையை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழிக்குள் வைத்து அழுத்தினாள். நாய்க்கு மட்டும் என்று நினைத்துத்தான் அந்த வார்த்தைகளைக் கொடுத்தேன். மனிதருக்கு மரியாதையாக எப்படிச் சொல்வது என்று சொல்லித்தராமல் விட்டுவிட்டேன். எங்கள் இரண்டு பேரையும் சாமானோடு வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

சார் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையை மேல்மண்ணில் வைத்துப் பார்த்தார், சுட்டது. திரும்பவும் குழிக்குள் விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு டேப்பைக் கொண்டுவரச் சொல்லி ஆழம் அளந்தார். ஒன்பது அங்குலம். “நாற்பது வருஷம் பாடம் நடத்தினேன், இதைத் தொட்டுப் பார்க்கவில்லையே” என்று தெலுங்கில் முணுமுணுத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ரூபா உள்ளே போய் உரித்த நுங்கை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டி, “தினு” என்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். “இந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“நான்தான் சார். நாய்க்காகச் சொல்லிக்கொடுத்தேன்” என்றேன். பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை.

சார் ஒரு நுங்கை வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்று முடித்தார்.

“எங்கள் அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது” என்றார். “அதற்கப்புறம் என்னைத் ‘தினு’ என்று யாரும் சொன்னதில்லை. என் பெண்டாட்டிகூடத் ‘தினண்டி’ என்று மரியாதையாகத்தான் சொல்கிறாள்.”

கண்ணைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா, எனக்குத் தெரியாது. கிண்ணம் காலியாயிற்று. பலமனேர் வேன் வந்தபோது டிரைவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். குழாயடி ஓரம் ஈர மண்ணில் புஜ்ஜிக்கு வேறொரு குழி தோண்டச் சொன்னார்.

அவர் மாடி ஏறியதும் ரூபா என்னைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாக்கா சொன்னாரு?” நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் செவசெவ என்று ஆகிவிட்டது. “அய்யோ, பெரியவர நாய கூப்புடற மாதிரி கூப்புட்டனா” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று மாலையே ராண்டி, கூச்சோண்டி, தினண்டி என்று மரியாதை வார்த்தைகளை நாற்பது தடவை சொல்ல வைத்தேன்.

மறுநாள் காலை கிண்ணத்தில் நுங்கோடு வாசலில் நின்று, “ராண்டி சார்” என்றாள்.

சார் கேட்டருகே நின்று பேப்பரைப் பிரித்தார். காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு முறை, இன்னும் பதமாகக் கூப்பிட்டாள். பேப்பரைப் புரட்டினார். ரூபா பயந்துபோய் ஜன்னலில் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நேற்று மாதிரியே கூப்பிடு என்று ஜாடை காட்டினேன்.

“ரா” என்றாள், குரல் எழும்பாமல்.

சார் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்.