அம்மைக்கு ஏது சர்டிபிகேட்

தொண்ணூற்றேழாம் வருஷம், மாசி மாதம். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வருகைப்பதிவு குறைந்தவர்களின் பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதில் என் பெயர் இருந்தது. மாரியாத்தாவை நம்புகிற உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அழுகைகூட வரவில்லை. அங்கேயே நின்றேன்.

நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வகுப்பில் இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். கொஞ்சம் குறைந்தால் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து, அபராதம் கட்டி எழுதலாம். அதுவும் இல்லையென்றால் அந்தப் பருவத்தை அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்கவேண்டும். முடிவு தெரியும்வரை வகுப்புக்குள் வரவும் கூடாது.

எனக்கு அந்த அடுத்த வருஷம் கிடையாது. எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் கரிசல்காட்டில் உளுந்தும் பருத்தியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. "ஒரு வருசம் தவறுனாலும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேன்ல ஏத்தி விட்டுருவேன், பாத்துக்கோ" என்று சொல்லித்தான் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். எங்கள் அப்பா சொன்னால் சொன்னதுதான்.

நான் என்ன, ஊர் சுற்றப் போனேனா? தை மாதம் ஹாஸ்டலில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. கடைசி அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது. வாசலில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு யாரோ ஓடிய காலடிச் சத்தம் நினைவிருக்கிறது. பிறகு காய்ச்சலில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அப்பா வந்தார். "முழுசா ஆறுற வரைக்கும் ஹாஸ்டல் பக்கம் வரக்கூடாது" என்று வார்டன் மேடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வேப்பிலைப் படுக்கை, இளநீர், மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவது எல்லாம் முறைப்படி நடந்தது. டாக்டரிடம் மட்டும் போகவில்லை. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கும்போது ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாம் ஆறித் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வந்தால் ஆபீஸில் கேட்கிறார்கள், "சர்டிபிகேட் எங்க?" என்று. அம்மைக்கு ஏது சர்டிபிகேட்!

அந்த நாட்களை இன்னும் மறக்கவில்லை. முகமெல்லாம் கறுப்புத் தழும்பு. ஒட்டிக்கொள்ளும் என்று கூடப் படித்தவர்கள் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். பகலெல்லாம் கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வகுப்பில் சிரிக்கிற சத்தம் கேட்கும். செத்தவள் பிழைத்து வந்தால்கூட நாலு பேர் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

எங்கள் வகுப்பு ஆசிரியர் ஒருவர்தான் இரக்கப்பட்டார். "மஞ்சக்காமாலைன்னு ஒரு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாம்மா. ஊரு ஒலகமே அப்படித்தான செய்யுது" என்றார். கிளினிக் வாசல்படி வரைக்கும் போனேன். மனசு வரவில்லை. உடம்பெல்லாம் முத்தாக ஆத்தா வந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் வரவே இல்லை என்று எழுதி வாங்குவதா? திரும்பிவிட்டேன்.

பிரின்ஸிபாலிடம் உள்ளதைச் சொன்னேன். "வார்டன்தான் ஒன்ன அனுப்புனாங்கன்னா அவிய வந்து சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வருகைப்பதிவு பேப்பர் யுனிவர்சிட்டிக்குப் போயிரும்" என்றார். வார்டன் மேடமோ நீண்ட லீவில் போயிருந்தார். ஏன் லீவு, எப்போது வருவார், யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ரோட்டோரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போனவள் சண்டை பிடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"நானா ஒன்னக் கூப்பிட்டேன்? நீயாத்தான வந்த? வந்தவ என் படிப்பையும் சேத்து எடுத்துட்டுப் போவியா? எனக்குப் பேச இங்கன ஒரு நாதி கெடையாது. நீதான் வந்து சொல்லணும். நீ சொல்லிட்டன்னா ஒன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்குதேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரின்ஸிபால் அறை வாசலில் போய் நின்றேன்.

சற்று நேரத்தில் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டு ஒரு அம்மாள் வராந்தாவில் நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும்தான் தெரிந்தது, வார்டன் மேடம். முகமெல்லாம் என்னைப்போலவே கறுப்புத் தழும்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்திருக்கிறார். நான் நிற்பதைப் பார்த்து விஷயம் கேட்டார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"சார், எனக்கு இந்தப் பிள்ளைட்ட இருந்துதான் ஒட்டுச்சு. காய்ச்சல்ல அனத்திக்கிட்டுக் கெடந்தா. அவ அப்பா வார வரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்து நெத்தியில ஈரத்துணி போட்டேன். என் சர்டிபிகேட் நெசம்னா இவளுக்கு வந்ததும் நெசம்தான். நான்தான் வீட்டுக்கு அனுப்புனேன். எழுதித் தாரேன்."

பிரின்ஸிபால் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். சிபாரிசு எழுதி அன்றைக்கே அனுப்பினார். யுனிவர்சிட்டி ஒத்துக்கொண்டது. அபராதம் கட்டிப் பரீட்சை எழுதினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், "அம்மைன்னு ஏன் மேடம் யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னா ஹாஸ்டலே காலியாயிரும் ஏட்டி" என்று சிரித்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருக்கிறவர் அவர். "ஒங்க ஆத்தா என்னையும் விடல பாத்தியா?"

அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. வந்து சொல் என்றேன். முகமெல்லாம் முத்துத் தழும்போடு வந்து சொல்லிவிட்டாள். அந்தப் பங்குனியில் அக்கினிச்சட்டி எடுத்தேன். அப்பா என் பின்னாலேயே வேப்பிலையோடு நடந்து வந்தார்.

இப்போது ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுகிறேன். ஆத்தா கோபிக்கமாட்டாள், எனக்கு அவள் டாக்டர் சர்டிபிகேட்டோடுதான் வந்தாள். அம்மை எனக்கு இனி வராது என்பதால் நானே போய்ப் பக்கத்திலும் உட்காருகிறேன்.

யாருமில்லை என்று மருகிக்கொண்டிருக்கிற என் உடன்பிறப்புகளே, போய் அவளிடம் சண்டை போடுங்கள். உரிமையோடு கேளுங்கள். அந்த மூடின அறையில் என்னை எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். நெற்றியில் ஒரு கை இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.