சந்தனம் பூசிய வீடியோ கேம்

கரமனைப் பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் இடுப்பில் சாவி உறுத்தியது. கிள்ளிப்பாலத்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்திருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி. நாகர்கோவில் ரோட்டில் எந்த லாரி நிறுத்தினாலும் ஏறிக்கொள்வதாக உத்தேசம். வித்துராவில் ஓட்டல் வேலையை விட்டதும், அதற்கு முன் செங்கல் சூளையை விட்டதும் அப்படித்தான். ஆனால் அடுத்தவன் சாவியோடு நான் எங்கிருந்தும் கிளம்பியதில்லை. கடைக்கு அது ஒன்றுதான் சாவி. விடிந்தால் விஜயதசமி. பூஜைக்கு வைத்த சாமான்களை எடுத்துத் தொழில் தொடங்கவேண்டிய நாளில், பூட்டிக் கிடக்கும் ஷட்டருக்கு முன்னால் முதலாளி நிற்பார். திரும்பி நடந்தேன்.

சாலைக் கடைவீதியில் ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கும் கடை அது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, ஏழாம் வகுப்புவரை படிப்பு. எட்டு மாதமாகக் கடையைப் பெருக்கினேன், செட்டுகளைச் சுமந்தேன், மொட்டைமாடிகளில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினேன். படுக்கையும் கடையிலேயே. முதலாளி வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். சிரிக்காதவர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவர். அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்: "விஜயதசமிலேர்ந்து பெஞ்சுல இருந்துக்கோ. சால்டரிங் அயர்ன் பிடிக்கலாம்." பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் பிறகு நான் சுமக்கிறவன் இல்லை, மெக்கானிக். எனக்கு வாழ்க்கையில் அதுவரை யாரும் நாற்காலி போட்டதில்லை.

அந்தப் பெஞ்சைத்தான் அன்று காலையில் நானே கெடுத்துக்கொண்டேன்.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் வீடியோ கேம் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். டிவியில் மாட்டி ஆடுகிற கறுப்புப் பெட்டி. நடுவில் நீளமாக ஒரு பள்ளம், அதில் கேசட்டைச் செருகவேண்டும். கடல்காற்றில் உள்ளே பச்சை பிடித்து, படம் வராமல் கிடந்தது. முதலாளி இரண்டு நாள் மல்லாடி அஷ்டமியன்று படம் வரவைத்தார். அந்த மனிதர் விஜயதசமியன்று மத்தியான விமானத்தில் திரும்புகிறார். "காலம்பற ஏழு மணிக்கு வாங்கோ, பூஜை எடுத்ததும் முதல் வேலையா உங்க மெஷினைத்தான் ஓட்டுவேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். முதல் வேலை எப்படியோ அப்படித்தான் அந்த வருஷம் என்பது அவர் நம்பிக்கை.

நவமி காலையில் எல்லாச் சாமான்களையும் சரஸ்வதி படத்துக்கு முன் பரப்பி வைத்தோம். சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை எனக்கு. "ஒண்ணு விடாம வைடா" என்றார். மீட்டர், குறடு, சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூடிரைவர்கள், மேஜை விசிறி எல்லாவற்றுக்கும் வைத்தேன். வீடியோ கேமுக்கு வரும்போது யோசித்தேன். லாரிக்கு என்ஜின் மேலும், தையல் மெஷினுக்கு ஊசிப் பக்கத்திலும் வைக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் வைப்பதுதானே முறை? கேசட்டை உருவி, பள்ளத்துக்குள் விரலை விட்டு, தாராளமாகவே வைத்தேன். சந்தனத்தை நீர்க்கக் கரைத்திருந்தேன். கேசட்டைத் திரும்பச் செருகிவிட்டேன்.

மத்தியானம் முதலாளி வீட்டுக்குப் போனதும், ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்க ஆசை வந்தது. பூஜையில் இருப்பதை எடுத்ததே தப்பு. டிவியில் கோடு கோடாக ஓடியது, படம் இல்லை. கேசட்டை உருவினால் அதன் பல் முழுக்க மஞ்சள் சேறு. பையை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டி நடந்தது அப்போதுதான்.

திரும்பி வந்தபோது மணி மூன்று. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஸ்பிரிட் பாட்டில் பூஜையில் இல்லை. பழைய பனியன் துணியை நனைத்துக் கேசட்டின் பற்களைத் துடைத்தேன். அது சுலபம். பள்ளத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையை நறுக்கி, துணி சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து உள்ளே விட்டு இழுத்தேன். முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு சிவப்பாக, கடைசியில் துணி வெள்ளையாகவே வந்தது. காயவிட்டுப் போட்டேன். கோடுகள். சட்டென்று ஒரு நொடி படம் வந்து போய்விட்டது. பெட்டியைச் சாய்த்தால் மறுபடி வந்தது, நிமிர்த்தினால் போனது. ஈரம் பள்ளத்தைத் தாண்டி அடியில் இறங்கியிருக்கிறது. திறந்தே ஆகவேண்டும்.

அடிப்பக்கம் நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் விரல் ஆழக் குழிக்குள். எங்கள் ஸ்க்ரூடிரைவர்கள் எல்லாம் சாமி முன்னால். மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் வீதி முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரிடம் போனேன். அவர் கடை மட்டும்தான் திறந்திருந்தது.

"உங்க ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் இன்னிக்கு லீவு, அல்லே பாண்டி?" என்று சிரித்தார். மலையாளிகளுக்குத் தமிழ்நாட்டுக்காரன் யாரும் பாண்டிதான்.

"ஒண்ணு தாங்க காக்கா. நீளமா, நட்சத்திர முனையா."

"நட்சத்திரம் வேணும்னா மேலே நோக்கு. என்கிட்ட உள்ளது சைக்கிளுக்கு உள்ளதாணு." ஒரு டப்பாவையே என் பக்கம் தள்ளினார். எதுவும் அந்தக் குழிக்குள் நுழையவில்லை. ஆணியைத் தட்டித் தட்டையாக்கிப் பார்த்தோம். ஸ்க்ரூவின் தலையைச் சுரண்டியதுதான் மிச்சம். "விட்டேரு, கேடாக்கிருவே" என்றார்.

அந்தக் குழிக்குப் போகிற ஸ்க்ரூடிரைவர் ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். செவ்வந்திப் பூவுக்கு அடியில் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எடுத்தேன். படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திறந்தால், பள்ளத்தின் அடியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே குங்குமச் சேறு ஒரு சொட்டு, உளுந்து அளவு. அவ்வளவுதான். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி எடுத்தேன், ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன், மேஜை விளக்கின் சூட்டில் காட்டினேன். மூடித் திருகினேன். பிளக்கைச் செருகிய கையோடு கரண்ட் போய்விட்டது.

ஒன்றரை மணி நேரம் அந்தப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பீடி பற்றவைக்கவும் தோன்றவில்லை. தெருவிளக்கு எரிந்ததும் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். படம் வந்தது, பந்தும் கட்டையும் நிறைய வண்ணக் கற்களும். ஆடவில்லை. அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவருக்குப் புதிதாகச் சந்தனம் வைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

காலையில் முதலாளி ஈர வேட்டியோடு வந்து கற்பூரம் காட்டி, பூஜை எடுத்தார். ஏழு மணிக்கு அந்த மனிதரும் அத்தர் மணக்க வந்துவிட்டார். முதலாளி கேசட்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். படம் வந்தது.

"சாதனம் புதுசு போல இருக்கே! மிடுக்கன்!" என்று முதலாளியின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார் வந்தவர். முதலாளி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

பெட்டியில் வைப்பதற்காக மெஷினைக் கவிழ்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. வேலை முடிந்தால் ஒரு ஸ்க்ரூவின் மேல் நகப்பாலிஷ் ஒரு பொட்டு விடுவது அவர் வழக்கம். வேறு எவனாவது திறந்தால் தெரியவேண்டும் என்பதற்காக. பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். வந்தவர் ஆட்டோவில் ஏறும்வரை வாசலில் நின்றார். பிறகு திரும்பினார்.

"எதால திறந்தே?"

"நம்ம நீள ஸ்க்ரூடிரைவர்."

"நேத்திக்கா?"

"ஆமா. சந்தனம் உள்ள போயிட்டு. நான் வச்சதுதான்."

"என்னண்ட வந்து சொல்லப்படாதோ?"

"சொன்னா நீங்க எடுத்திருப்பீங்களா?"

அவர் படத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். "எடுத்திருக்க மாட்டேன்" என்றார். "மெஷின் ஓடாமப் போயிருக்கும். போகட்டும்னு விட்டிருப்பேன்." பிறகு, "வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்கே. ஆனா அந்த பெஞ்சுல உன்னை உக்கார்த்த என்னால முடியாதுடா. பூஜையில இருந்ததை எடுத்த கை அது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாவியை மேஜைமேல் வைத்தேன். பை கட்டித்தான் இருந்தது.

நாலு கடை தள்ளி வெங்காய மண்டி. மண்டிக்காரர் எங்கள் பக்கத்துக்காரர், நாகர்கோவில். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"விஜயதசமியும் அதுவுமா வேலை கேட்டு வந்தவன எப்டிலே போகச் சொல்ல? சாக்க விரிச்சு இரி. அழுகினது தனி, நல்லது தனி."

தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். மத்தியானச் சோற்றுக்கு முன் பதினோரு மூட்டை பொறுக்கி முடித்தேன்.