ஆனி மாதக் கல்யாணங்களுக்கு வராத எங்கள் அக்கா

இந்த மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உறவினர் சிலர் என்னிடம் பேசினார்கள். அக்கா பக்தி மிக்கவர், அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதினால் போதும், வருமான வரி, கடைசித் தேதி என்றெல்லாம் நினைவு மலரில் எழுதினால் நன்றாக இருக்காது என்றார்கள். அக்கா அமைதியானவர் அல்லர். தேதியைத் தவறவிட்டவர்களிடம் அவர் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆகவே உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா ஆரல்வாய்மொழியில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. அப்பா நல்ல மனிதர், ஆனால் எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுகிறவர். விற்பனை வரிக் கணக்கை வருடக்கணக்கில் பிந்திக் கொடுத்தார். வந்த நோட்டீசுகளைப் பிரித்தும் பார்க்கவில்லை. கடைசியில் வரியைவிட வட்டியும் அபராதமும் பெரிதாகிக் கடை கைமாறிப் போனது. அப்போது அக்கா கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்ததும் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவ படிப்பு முடியட்டும்" என்றார். என் படிப்பு முடிந்தபோது அப்பா இல்லை, வேறு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை.

பிறகு தோவாளையில் பூச்சந்தைக்குப் பக்கத்தில் வரி ஆலோசகராகத் தனியே அலுவலகம் திறந்தார். நானும் அவருடன் சேர்ந்தேன். பூ கமிஷன் கடைக்காரர்கள், காற்றாலைக்கு நிலத்தை வாடகைக்கு விட்டவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலரும் வந்தார்கள். யார் எந்தத் தேதியில் எதைக் கட்ட வேண்டும் என்பது அக்காவின் தலைக்குள் இருக்கும். வங்கி வட்டியில் வரி பிடிக்காமலிருக்க ஏப்ரலில் கொடுக்க வேண்டிய படிவத்துக்காக, இரணியலில் தனியாக இருக்கும் ஓர் அம்மாளை வருடந்தோறும் அக்காவே வங்கிக்கு அழைத்துப் போவார்.

செப்டம்பர் பதினைந்தில் அட்வான்ஸ் டாக்ஸ் தவணை. அது ஓணத்தை ஒட்டி வரும். கேரளத்துக்குப் பூ ஏற்றுகிற மும்முரத்தில் கமிஷன் கடைக்காரர்கள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அக்கா விடியற்காலையில் சந்தைக்கே போய் நிற்பார்.

"ஓணம் ஒண்ணு கழியட்டுமே தங்கச்சி," என்பார் ஓர் அண்ணாச்சி.

"ஓணத்துக்கு வட்டிக்கும் லீவுன்னு யாரு அண்ணாச்சி உங்களுக்குச் சொன்னா? தராசை விட்டுட்டு இங்க வாங்க. கெட்டிட்டுப் பூ நிறுக்கலாம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். சந்தையே சிரிக்கும்.

ஆனி மாதக் கல்யாணங்களுக்கு அக்கா வரவில்லை என்று நம் உறவில் பலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. வரவில்லை, உண்மைதான். வருமான வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசித் தேதியான ஜூலை முப்பத்தொன்று நெருங்கும் நேரத்தில் அவர் எங்கும் போக மாட்டார். பந்தியில் உட்கார்ந்து அவரைக் குறை சொன்னவர்களின் கணக்கையும் அந்த நேரத்தில் அவர்தான் போட்டுக்கொண்டிருந்தார். அதை யாராவது ஒருவர் அந்தப் பந்தியிலேயே சொல்லியிருக்கலாம்.

சென்ற ஜூலையில், வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அலுவலகத்திலேயே அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படுக்கையில் கிடந்துகொண்டு என்னைத் திட்டினார்.

"ஏட்டி, ஆபீஸை ஏன் பூட்டிட்டு வந்தே? ஆளுவ வரும்லா."

அன்று மாலை அக்கா போய்விட்டார்.

துஷ்டி கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள். ஓரமாக உட்கார்ந்து அழுதார்கள். சிலர் கணக்குக் காகிதம் வைத்த பிளாஸ்டிக் கவரைக் கக்கத்தில் மறைத்து வைத்திருந்தார்கள். பூச்சந்தை அண்ணாச்சி எழுந்து போகும்போது என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கேக்கதுக்கே ஒருமாதிரியா இருக்கு மக்கா. ஆனா தேதி போயிட்டிருக்கே."

பதினாறாம் நாள் சடங்கு ஜூலை முப்பத்தொன்றைத் தாண்டித்தான் வரும். அதுவரை காத்திருந்தால் இத்தனை பேரும் அபராதம் கட்ட வேண்டும். காடாத்து முடிந்து சாம்பல் கரைத்த மறுநாள், அலுவலகத்தைத் திறக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பதினாறு கழியாம தொழிலுக்குப் போவாளாம்! ஊரு என்ன பேசும்? கூடப் பிறந்தவதானே நீ?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவர்.

"போயித் திற மக்களே. எம் பிள்ள போனதுக்கு அவுங்க ஏன் அவராதம் கெட்டணும்?"

திறந்தேன். அழுதுகொண்டேதான் வேலை செய்தேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சில உறவினர்கள் பதினாறாம் நாள் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கை நனைக்காமல் திரும்பினார்கள். அதற்காக இன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. கடைசித் தேதிக்குள் எல்லோருடைய கணக்கும் போய்ச் சேர்ந்தது. சித்தப்பாவின் பென்ஷன் கணக்கும் அதில் உண்டு. கோபித்துக்கொள்ள வேண்டாம் சித்தப்பா, உங்கள் பணம் திரும்ப வந்ததா என்று வங்கியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவைத் தூக்கிக் காரில் ஏற்றிய பூச்சந்தைத் தொழிலாளிகளுக்கும், கடைசிவரை போராடிய மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. இரணியலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த அந்த அம்மாளுக்கும், அலுவலகத்துக்குத் தினமும் எனக்குச் சோறு கொண்டுவந்த எதிர்க்கடைக்காரர் குடும்பத்துக்கும் நன்றி. வந்தவர்களுக்கு நன்றி. ஏசிவிட்டுப் போனவர்களுக்கும், வந்ததற்காக நன்றி.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அக்கா தன் கணக்கை எப்போதும் எல்லோருடையதும் முடிந்த பிறகுதான் எடுப்பார். அதனால் அவருடையது போடாமலே கிடந்தது. இறந்தவரின் கணக்கை வாரிசுதான் போட முடியும். அதற்கு வாரிசுச் சான்று வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து அது எங்கள் கைக்கு வந்தபோது ஓணமே கழிந்துவிட்டது. அம்மாவை வாரிசாகப் பதிந்து, பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைப் போட்டேன். பிந்தியதற்கு அபராதம் காட்டியது. அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் பிந்திய கணக்கு அது ஒன்றுதான். அம்மாவிடம் சொன்னேன்.

"எல்லாருக்கும் தேதிய ஓர்மப்படுத்தினா," என்றார் அம்மா. "அவளுக்கு ஓர்மப்படுத்த ஒரு ஆள் இல்லியே மக்களே."

அந்த அபராதத்தை அம்மா தன் கைப்பணத்திலிருந்து கட்டினார். என்னைக் கட்ட விடவில்லை.