மூக்கில்லாத தெளிப்பான்

என் மோட்டார் கொட்டகைச் சுவரில், ஆணியில் ஒரு மஞ்சள் தெளிப்பான் தொங்குகிறது. முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பழைய ரகம். தொட்டி இருக்கிறது, தோள் வார் இருக்கிறது, கைப்பிடியை அடித்தால் பம்பும் ஒழுங்காக வேலை செய்கிறது. மூக்குதான் இல்லை. தண்ணீரைப் பூவாகப் பிரித்துத் தூவுமே, அந்தச் சின்னப் பித்தளை நாசிலை ஒரு பெண்மணி என் கண்ணெதிரே திருகிக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். பாபநாசம் கடைத்தெருவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வேறு நாசில் கிடைக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் நான் வாங்கவில்லை. கஞ்சத்தனம் என்கிறாள் என் மனைவி. அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

நான் பதறுவதற்கென்றே பிறந்தவன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடிப்பார்கள். ஒத்திகை என்று முதல் நாளே நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், அந்த நோட்டீஸை ஒட்டியவனே நான்தான். ஆனாலும் மணி அடித்ததும் முதல் ஆளாகத் தெருவில் நிற்பேன், ஒருமுறை ஒற்றைச் செருப்போடு. ஊர் திரும்பி அத்தா விட்டுப்போன இரண்டரை ஏக்கரைக் கையில் எடுத்தபோது இயற்கை விவசாயம் செய்யப் போகிறேன் என்று அறிவித்தேன். எல்லாரும் கொள்கை என்று நினைத்துப் பாராட்டினார்கள். உண்மையில் பூச்சிமருந்து பாட்டிலில் இருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் வருடம் சீரகச் சம்பா போட்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அந்த அரிசி இல்லாமல் பிரியாணி இல்லை. பயிர் பார்க்க அத்தனை அழகாக வந்தது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரத்தில் கதிரின் கழுத்து கறுத்தது, அதற்கு மேலே இருந்ததெல்லாம் வெள்ளைப் பதராக நின்றது. குலை நோய். தெருவிலிருந்து பார்த்தவர்கள், "பாய் வயல் நல்லா முத்தியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவியின் தம்பி மட்டும் வயலில் இறங்கிப் பார்த்தான். "மச்சான், இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா குத்தகைக்கு விட்டுட்டு வந்து என் கடையில உக்காருங்க. போன் கவர் விக்கலாம். அதுக்கு நோய் வராது" என்றான்.

டாக்டரம்மா வந்தது அந்த நிலையில்தான். நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகம் உருவாக்குவது அவர் வேலை. டாக்டர் என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் முட்டிவலியைச் சொல்லிக்கொண்டு வந்ததுண்டு. அவர்களையும் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. "எங்கம்மா நடவு நட்ட வயல் பாதி இந்தப் பக்கம்தான் பாய். இந்த வரப்பெல்லாம் என்னைவிட என் காலுக்கு நல்லாத் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சீரகச் சம்பாவையும் நோய் தாங்குகிற ஒரு முரட்டு நெல்லையும் கலப்புச் செய்து, அதன் வாரிசுகளைப் பல பட்டங்களாக விதைத்து வடிகட்டி, முப்பத்தெட்டு வகையாகக் கொண்டு வந்திருந்தார். கடைசிப் பரீட்சைக்கு அவருக்கு மருந்தே காணாத வயல் வேண்டும். "நிலையத்துல உரம், மருந்து எல்லாம் இருக்கு. அங்க ஜெயிக்கிற நெல்லு உங்க வயல்ல ஜெயிக்கும்னு என்ன நிச்சயம்? இந்தச் சம்பா பட்டத்தோட எங்க திட்டம் முடியுது. இதுல தேறுனதை எடுத்தாத்தான் உண்டு. இல்லைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி உள்ள வச்சிருவாங்க" என்றார். நிலத்தின் ஒரு மூலையைக் கொடுத்தேன். மீதி நிலத்தில் எந்த நோய்க்கும் அசையாத மாப்பிள்ளைச் சம்பாவைப் போடச் சொன்னார், போட்டேன்.

அதுவரைக்கும் எல்லாம் சரி. நடவு முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே போன வருடத்து நோய் பிடித்த வைக்கோல். அதைத் துண்டுதுண்டாக நறுக்கி என் வயலிலேயே தூவினார். முப்பத்தெட்டு வகைக்கும் இடையிடையே, சுலபமாக நோய் பிடிக்கிற ஒரு நோஞ்சான் நெல்லை வரிசை வரிசையாக நட வைத்திருந்தார். அந்த நோஞ்சானுக்கு நோய் வர வேண்டும், அதிலிருந்து மற்றதுக்கெல்லாம் பரவ வேண்டும், அதில் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் பரீட்சை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "நோய் வராத வயல்ல எல்லா நெல்லும் பயில்வான்தான் பாய்" என்றார். புரிந்தது என்று தலையாட்டினேன். ஒத்திகை நோட்டீஸை ஒட்டியவனும் இப்படித்தான் தலையாட்டினான்.

ஐப்பசி மழை விட்டு நாலு நாள் பனி இறங்கியது. ஒரு காலையில் நோஞ்சான் வரிசை இலைகளில் கண் மாதிரிப் புள்ளிகள் வந்திருந்தன, சுற்றி அரக்கு, நடுவே சாம்பல். நூற்றுக்கணக்கான கண்கள். அத்தனையும் என்னையே பார்ப்பது போல இருந்தது. மறுநாள் பக்கத்து வரிசைக்குத் தாவியது. டாக்டரம்மாவுக்குப் பதினோரு முறை போன் போட்டேன். சிக்னல் எட்டாத ஏதோ வெளியூரில் ஒரு வாரக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். மச்சினன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "வீடு பத்தி எரியுது, நீங்க புள்ளிய எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க" என்றான். அவ்வளவுதான், எனக்குள் மணி அடித்துவிட்டது. சூடோமோனாஸ் பொடி கையிருப்பில் இருந்தது. அது நல்ல நுண்ணுயிர்தானே, மருந்து இல்லையே என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டு, புளித்த மோரையும் சேர்த்துக் கலக்கி, மஞ்சள் தெளிப்பானை முதுகில் ஏற்றினேன். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தடவை அடித்தேன். பனியும் நின்று வெயில் அடித்தது. புள்ளிகள் காய்ந்துபோயின. புது இலைகள் சுத்தமாக வந்தன. நான் ஜெயித்துவிட்டேன்.

டாக்டரம்மா வந்தபோது ஃபிளாஸ்கில் டீயோடு வரப்பில் காத்திருந்தேன், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி. அவர் குனிந்து ஓர் இலையைப் பார்த்தார். பிறகு இன்னொன்று. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்ன பாய் அடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் மோர்."

"மோர் மட்டும்தானா?"

"மோருக்குத் துணையா கொஞ்சம் சூடோமோனாஸ்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரப்பிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். சைபர் என்றால் சுத்தம், ஒன்பது என்றால் செத்தது, இதுதான் அவர்கள் மதிப்பெண். ஒவ்வொரு வகைக்கும் நேராக ஒன்று, ஒன்று, ஒன்று என்று முப்பத்தெட்டு தடவை எழுதினார். "எல்லாரும் பாஸ். பரீட்சை ஹால்ல புகுந்து நீங்களே விடை சொல்லிக் கொடுத்துட்டீங்க. இனிமே இதுல எதை எடுக்கட்டும் நான்?" என்றார். ஆறாத டீயை ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம் எழுந்து போய் நாசிலைக் கழற்றினார்.

கதிர் வர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் கழுத்தில் வருகிற நோயை வைத்தாவது தேறியதைப் பிரிக்கலாம். அவரிடம் இருந்த வைக்கோல் தீர்ந்திருந்தது. கெடுத்தவன்தான் தேட வேண்டும். டிவிஎஸ் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், "உங்க வயல்ல குலை நோய் இருக்கா?" என்று கேட்டேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறதா என்று கேட்டால் எப்படி மரியாதை கிடைக்குமோ அப்படிக் கிடைத்தது. ஒருவர் நாயை அவிழ்த்தே விட்டார். கடைசியில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒருவர் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோய்தானே வேணும்? முழுசா எடுத்துட்டுப் போங்க பாய். ஒரு இலைகூட எனக்கு மிச்சம் வைக்காதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் வயலைப் பார்த்ததும் போய்விட்டது. போன வருடம் நான் நின்ற அதே நிற்பு.

அந்த இலைகளைத் தண்ணீரில் ஊற வைத்துக் கசக்கி வடிகட்டினோம். தெளிப்பானுக்குத்தான் மூக்கு இல்லையே. பொழுது சாய்கிற நேரத்தில், பனி இறங்குவதற்கு முன்னால், புது விளக்குமாற்றை வாளியில் முக்கி முக்கி என் கையாலேயே தெளித்தேன். நோஞ்சான் வரிசைக்கு மட்டும் கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றச் சொன்னார். இலை தளதளவென்று கொழுத்தால் நோய்க்குப் பிடிக்குமாம். "விருந்து வைக்கிறோம் பாய், குறை வைக்காதீங்க" என்றார். ஒவ்வொரு தெளிப்புக்கும் பிஸ்மில்லா சொல்ல வாய் வந்தது, இதற்குச் சொல்லலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

நோய் வந்தது. பதறாமல் ஒரு நோய்க்காக நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. கதிர்கள் ஒவ்வொரு வகையாகச் சாய்ந்தன. இருபத்திரண்டாம் நம்பர்மேல் எனக்குத் தனிப் பிரியம், உயரமும் நிறமுமாக நின்றது. ஒரே வாரத்தில் கழுத்து முறிந்தது. கடைசியில் மூன்று வகை நின்றன. மூன்றையும் தனித்தனியாக அறுத்து, குத்தி, என் மனைவியிடம் கொடுத்தோம். ஒன்று கூழானது, ஒன்று எவ்வளவு வெந்தும் விறைத்து நின்றது. மூன்றாவது, குட்டையாக, பார்வைக்கு லட்சணமே இல்லாத பதினேழாம் நம்பர். பானை மூடியைத் திறந்ததும் வந்த மணத்துக்கே மச்சினன் தெருவிலிருந்து உள்ளே வந்து, கேட்காமலே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டரம்மா ஒரு வாய் எடுத்து மென்றபடியே குறிப்பேட்டில் பதினேழைச் சுற்றி வட்டம் போட்டார். கிளம்பும்போது சொன்னார்: "சந்தோஷப்படுங்க, ஆனா இதையே நம்பி உக்காந்துராதீங்க. நோயும் நம்மள மாதிரிதான், வழி தேடிக்கிட்டே இருக்கும். ஒருநாள் இதுக்குள்ளயும் வரும். அப்ப அடிக்க ஓடாம, எது நிக்குதுன்னு பாருங்க."

அடுத்த வருடமே அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. பதினேழு இங்கேயே தங்கிவிட்டது. இப்போது எங்கள் பக்கத்து இயற்கை விவசாயக் குழுவில் பலர் அதைத்தான் போடுகிறார்கள். திருக்காட்டுப்பள்ளிக்காரருக்கு முதல் மூட்டை விதையை நானே மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வாரம் அதே மூலையில் பதினேழின் இலையில் ஒரு கண்ணைப் பார்த்தேன், பிறகு தூருக்குத் தூர் கண்கள். சுற்றி அரக்கு, நடுவே சாம்பல். கால் என்னைக் கேட்காமலே கொட்டகைக்கு ஓடியது, கை தெளிப்பானை இறக்கியது. கையில் வந்தது மூக்கில்லாத குழாய். பிறகு அதை மாட்டிவிட்டு, சிவப்பு நூல்கண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, கண் விழாத தூர்களாகப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தேன். மாலையில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் அழைப்பிலேயே எடுத்தார்.

"எத்தனை தூர் சுத்தமா நிக்குது பாய்?"

"இதுவரைக்கும் பதினாலு. நூல் கட்டியாச்சு."

"அடிச்சீங்களா?"

"எதை வச்சும்மா அடிக்க?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அது என் பேனா டப்பாவுலதான் கிடக்கு. அனுப்பவா?"

"இருக்கட்டும்மா" என்றேன். கொட்டகையில் தொங்கிய தெளிப்பானின் குழாய் முனையில், மூக்கு இருந்த இடத்தில், ஒரு குளவி மண்ணால் கூடு கட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதற்கு அதுவும் கொஞ்சம் பதறியது. பழகிவிடும்.