மூன்று வாரச் சீட்டு

எண்பதுகளில் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் நான் நர்ஸ். இருந்தது ஒரே மிஷின். வியாழக்கிழமை மட்டும் கைக்குழந்தைகளுக்கு, மற்ற நாளெல்லாம் கர்ப்பிணிகளுக்கு. யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது. நானும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஒரு வியாழக்கிழமை, குடியாத்தத்தில் தறி நெய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைத் தூக்கி வந்தாள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தலை வலப்பக்கமே சாய்ந்திருந்தது. கழுத்தின் அந்தப் பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. கட்டியின் மேலேயே மூன்று கோடு சூடு. புண் இன்னும் ஆறவில்லை.

எனக்கு உச்சி வரைக்கும் கோபம் ஏறிவிட்டது. வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். பச்சைப் பிள்ளைக்குச் சூடு வைக்க எப்படி மனசு வந்தது, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டேன். அவள் குழந்தையின் சட்டையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் புண்ணில் படாமல் ஓரமாக ஜெல்லி தடவிக் கருவியை நகர்த்தினார். குழந்தை வீறிட்டது. ஐந்து நிமிடம்தான். புற்றும் இல்லை, சீழும் இல்லை, கழுத்துத் தசைதான் தடித்திருக்கிறது, கத்தி வைக்க வேண்டாம் என்றார். கழுத்தை மெல்லத் திருப்பிப் பழக்கினால் சில மாதத்தில் கரைந்துவிடுமாம். ஆனால் சூட்டுப் புண் ஆறும்வரை அங்கே கை வைக்க முடியாது.

நான் மறுபடி அவள்மேல் பாய்ந்தேன். "முன்னாடியே கொண்டாந்தா இன்னாம்மா?"

அவள் முந்தானையில் முடிந்திருந்த சீட்டை அவிழ்த்து நீட்டினாள். "கொண்டாந்தேனே சிஸ்டர். நீங்கதான மூணு வாரம் கழிச்சி வரச் சொன்னீங்க. அதுக்குள்ள கட்டி பெருசாய்டும்னு பயந்து வீட்ல சூடு வெச்சிட்டாங்க."

என் கையெழுத்துதான். அவள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கும் டாக்டர் உள்ளேதான் இருந்திருப்பார். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வருகிற வியாழன்கள் நிரம்பிவிட்டன என்று மூன்று வாரம் தள்ளித் தேதியைக் கிறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அவள் வீட்டாரைத் திட்டலாம், அந்தப் பாழாய்ப்போன சட்டத்தைத் திட்டலாம். நிறையத் திட்டியும் இருக்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவளை ஏசிய நான், சீட்டைப் பார்த்த பிறகாவது மன்னிப்புக் கேட்டேனா? "சரி சரி, வெளிய போய் உக்காரு" என்றேன். அவளும் போய் உட்கார்ந்தாள்.