நல்ல தண்ணீரும் இருபத்தொரு சுருட்டும்

நான் சுருட்டுப் பிடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் மூக்கை உறிஞ்சுகிறார்கள், அடுத்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் மூன்று பெரிய பிஸ்கட் டின்கள் இருக்கின்றன. மூன்றிலும் புகையிலை.

எல்லாம் மாமாவால் வந்த வினை. மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா, எங்களோடுதான் இருக்கிறார். காலையில் ஒரு சுருட்டு, சாயங்காலம் ஒன்று. விடச் சொல்லிச் சொல்லி நான்தான் களைத்துப் போனேன். அதையாவது நிம்மதியாகப் பிடிப்பாரா என்றால் அதுவும் இல்லை. கடையில் வாங்குவது ஒரு நாள் காரமாம், ஒரு நாள் சப்பென்று இருக்கிறதாம், ஒரு நாள் பாதியிலேயே பிரிந்துகொள்கிறதாம். தினமும் இந்தப் புராணத்தைக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒரு நாள் கடுப்பில், "பேசாம இருங்க மாமா, நானே சுத்தித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு வாரத்திலேயே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. என்ன இலை, என்ன மணம்! வேடசந்தூர்ப் பக்கத்து இலை தடிப்பானது, தொட்டாலே விரலில் காரம் ஏறும். தொப்பம்பட்டிப் பக்கமிருந்து வருவது மெலிசு, அதற்குக் காய்ந்த வைக்கோல் வாசம். இரண்டு வருடம் டின்னில் கிடந்த பழைய இலை என்றால் உலர்ந்த திராட்சை வாசம் அடிக்கும். மூன்றையும் எந்த அளவில் கலக்கிறோம் என்பதில்தான் சுருட்டின் குணம் இருக்கிறது. வகுப்பில் நான் கரைசல் கலந்து காட்டும்போது கூட இவ்வளவு குஷியாக இருந்ததில்லை. ஒரு கைப்பிடி காரம், இரண்டு கைப்பிடி மெலிசு, மேலே கொஞ்சம் பழசு என்று கலந்து, மாமாவிடம் கொடுத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புருவம் இறங்கினால் வெற்றி.

இதில் உயிரான வேலை ஈரம் ஏற்றுவது. டின்னைத் திறந்ததும் இலை அப்பளம் மாதிரி நொறுங்கும். அப்படியே சுற்ற முடியாது. வெல்லம் கொஞ்சம் கரைத்த தண்ணீரை, பூச்செடிக்கு அடிக்கிற பாட்டிலில் ஊற்றிப் புகைபோலத் தெளித்து, ஈர வேட்டித் துணிக்குள் ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். காலையில் ஒரு இலையை எடுத்து விரலில் சுற்றினால் ஒடியாமல் சுற்ற வேண்டும், விட்டால் மெதுவாக விரிய வேண்டும். அதுதான் பதம். ஈரம் கூடினால் பூசணம், குறைந்தால் தூள். முதல்முறை பதம் சரியாக வந்த அன்று நான் பள்ளிக்கே பத்து நிமிடம் தாமதமாகப் போனேன்.

இந்தத் திறமையை வைத்துக்கொண்டு என் வாய் சும்மா இருக்குமா?

எங்கள் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள் என் சிநேகிதி. அவளுக்குச் சொந்த ஊர் எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவரை அவளாகவே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் அவளோடு பேசவில்லை. ஒரே அண்ணன், ஒரே தங்கை. பேசவில்லை என்றால் பேசவே இல்லை.

போன மாசியில் ஒரு நாள் மத்தியானம், ஆசிரியர் அறையில் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. அவசரத்தில் அவள் விரல் பட்டுப் போன் ஸ்பீக்கரில் போய்விட்டது. அண்ணன்தான்.

"மாசிப் படையலு இந்த வருசம் நம்ம வீட்டு முறை. சாமிக்குச் சுருட்டு நீதான் கொண்டாரணும். இருவத்தொண்ணு. அம்புட்டுத்தான்."

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். கருப்பசாமிக்குப் படைக்கிற சுருட்டை, முறை வருகிற வீட்டில் பிறந்த பெண்தான் கையால் கொண்டுவந்து தர வேண்டும். அதில் முதல் சுருட்டைப் பற்றவைத்துச் சாமியாடியிடம் கொடுப்பார்கள். அவர் அருள்வாக்குச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அது அணையக் கூடாது. அணைந்தால், அந்தப் பெண் கொண்டுவந்ததைச் சாமி ஏற்கவில்லை என்று ஊர் சொல்லிவிடும். இவளைப் பற்றி ஊர் ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டது.

இவ்வளவும் தெரியாமல் நான் என்ன செய்தேன்? போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "கடைச் சுருட்டெல்லாம் வேணாம்ணே! எங்க வீட்டுலயே கலந்து, எங்க கையாலயே சுத்திக் கொண்டாரோம், பாருங்க!" என்றேன்.

 "சரி" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

"ஒரு வார்த்தை பாப்பான்னு கூப்புடலடி" என்றாள் அவள். "முறைக்கு ஆளு வேணும்னு கூப்புட்டிருக்கு. அந்தச் சுருட்டு மட்டும் அணைஞ்சுச்சு, அப்புறம் என் வீட்டு வாசல நான் மிதிக்கவே முடியாது."

அப்போதுதான் நான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. பயமும் வந்தது, குதூகலமும் வந்தது. சாமிக்கே சுருட்டு!

அன்றைக்கே கலவையில் இறங்கினேன். காரத்தைக் குறைத்தேன், பழசைக் கூட்டினேன். இலையை விரித்து நரம்பு உரித்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, மறுநாள் பார்த்தால் பதம் போதவில்லை. மறுபடி தெளித்தேன். அதற்கு மறுநாளும் ஒரு கை தெளித்தேன். இருபத்தொன்றையும் சுற்றி டின்னில் அடுக்கி, வாழைச்சருகு போட்டு மூடினேன். பார்க்க எவ்வளவு அழகு! எல்லாம் ஒரே தடிமன்.

ஒரு சிக்கல்தான். ருசி பார்க்க ஆள் இல்லை. விபூதிப் புதனோடு மாமா சுருட்டை நிறுத்திவிட்டார். ஈஸ்டர் வரைக்கும், தவக்காலம் முழுக்கத் தொட மாட்டார், வருடா வருடம் அப்படித்தான். அவர் பிடிக்காமல் என் வீட்டுச் சுருட்டு எதுவும் டின்னை விட்டு வெளியே போனதில்லை.

படையல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வியாழன் சாயங்காலம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி வந்து, அதன் முனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, குழாயின் மறுபக்கம் சுருட்டை மாட்டினேன். அடுக்களை ஜன்னல் ஓரம் நின்று பற்றவைத்து, சிரிஞ்சை இழுத்தேன். புகை வந்தது. "ஆகா!" என்றேன். ஒரு நிமிடம் விட்டேன். அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தேன். மறுபடி அணைந்தது. இன்னொரு சுருட்டு. அதுவும் அப்படியே, நுனி கறுத்து, உள்ளே கனல் இல்லாமல் செத்துப்போயிற்று.

மாமா கையில் ஜெபமாலையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, சிரிஞ்சுக்குச் சுருட்டுப் பழக்கிவிடுறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெளிக்கிற பாட்டிலைக் கழுவலாம் என்று எடுத்தேன். அதன் மூக்கில் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு.

போர் தண்ணீர்! குழாயில் நல்ல தண்ணீர் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. குடத்தில் இருந்தது குடிக்கவும் உலை வைக்கவும்தான் காணும். அந்தத் தண்ணீரைப் போய் இலைக்கு வீணடிப்பதா என்று, குளிக்கிற போர் தண்ணீரைப் பிடித்துத் தெளித்திருக்கிறேன், அதுவும் மூன்று முறை. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து, கெய்சர் கம்பியைத் தின்று தீர்க்கிற தண்ணீர். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்காத பெண் உண்டா? அந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகப் பள்ளி ஆய்வகத்துக்கு ஓடினேன். என் சிநேகிதியையும் இழுத்துக்கொண்டு போனேன். தெளித்த இலையில் ஒரு துண்டு, தெளிக்காத இலையில் ஒரு துண்டு, தனித்தனியாக ஊறவைத்து வடிகட்டி, இரண்டு சோதனைக் குழாயிலும், உப்பிலுள்ள குளோரைடைக் காட்டிக்கொடுக்கிற சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினேன். தெளிக்காததில் லேசாகக் கலங்கல். தெளித்ததில் கட்டித் தயிர்!

"பாத்தியாடி! பாத்தியாடி!" என்று குதித்தேன்.

"நீ எதுக்குடி சந்தோசப்படுற?" என்றாள் அவள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

உண்மைதான். ஆனால் காரணம் கையில் கிடைத்துவிட்டால் எனக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். குளோரைடு ஏறிய இலை கனல் பிடிக்காது. இதைப் புரிந்துகொள்ள ஒரு வேதியியல் டீச்சருக்குச் சாமி படையல் வேண்டியிருக்கிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டின்களில் தெளிக்காத இலை பாதி மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலம் கேன் தண்ணீர் வாங்கினேன். கலந்தேன், தெளித்தேன், ஒரே முறை, அளவாக. சனிக்கிழமை காலை விரலில் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது, மெதுவாக விரிந்தது. சுருட்டுக்கு மேலே சுற்றுகிற இலையை அவள் அறுத்துக் கொடுக்க நான் சுற்றினேன். மத்தியானச் சோற்றைக் கூட நாங்கள் நின்றபடியேதான் சாப்பிட்டோம். சோதித்துப் பார்க்க இரண்டு சேர்த்து இருபத்து மூன்று சுற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சிரிஞ்சை எடுத்தேன். முதலாவது கடைசி வரை நின்று எரிந்தது. ஆனால் சிரிஞ்சு வேறு, மனுச வாய் வேறு. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை மாமா பார்த்தார். ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை தவக்கால நாப்பது நாள்ல சேராது. எண்ணிப் பாரு, கணக்கு சரியா வரும்" என்றார். "குடும்மா."

இத்தனை வருடத்தில் அந்தக் கணக்கை அவர் ஒருமுறை கூட எடுத்ததில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பற்றவைத்தார். வேண்டுமென்றே மூன்று நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இழுத்தார். நுனி சிவந்தது. புருவம் இறங்கியது. நானும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை உச்சி வேளை. அவள் ஊர்க் கோவில் மேடையின் சிமெண்ட் தளம் காலைச் சுட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்த்து "வா" என்றார். அவ்வளவுதான். அவள் வாழை இலைப் பொட்டலத்தை நீட்டினாள். அவர் முதல் சுருட்டை எடுத்துப் பற்றவைத்துச் சாமியாடியிடம் கொடுத்தார். மற்ற நாளில் பால் வண்டி ஓட்டுகிற ஒல்லியான மனிதர் அவர். அன்று அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். மழையைப் பற்றி, ஒருவர் கிணற்றைப் பற்றி, ஒரு பெண்ணின் வரனைப் பற்றி. சுருட்டு அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் விரற்கடை நீளம் வளர்ந்தது. புகை தெரியவில்லை. அவள் நகம் என் முழங்கையில் இறங்கியது. அருள்வாக்கில் ஒரு வார்த்தை கூட என் காதில் விழவில்லை. மாதாவே, மாதாவே என்று கருப்பசாமி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கையைத் தூக்கினார். வாயில் வைத்தார். இழுத்தார். சாம்பல் உதிர்ந்து, அடியில் கங்கு தகதகவென்று சிவந்தது. என்னையறியாமல் "எரியுது!" என்று கத்திவிட்டேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்! வாக்கு முடிகிற வரை அது அணையவில்லை.

பிறகு சாப்பாடு. எல்லோருக்கும் கறி. எங்கள் இருவர் இலைக்கு மட்டும் அண்ணனே வாளியோடு வந்தார். "ஒங்களுக்கு இந்த மாசம் கறி ஆகாதாமே. கத்திரிக்கா வெஞ்சனம் தனியா வச்சிருக்கு" என்று குனிந்து பரிமாறினார். குனிந்ததில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கெட் அவள் இலை ஓரத்தில் விழுந்தது. கடைச் சுருட்டு. பிரிக்காத பாக்கெட்.

"நீ சுருட்டே பிடிக்க மாட்டியேண்ணே. இது எதுக்கு?" என்றாள்.

அவர் பந்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்னோடது அணைஞ்சிருச்சுன்னா, யாரும் பாக்குறதுக்குள்ள மாத்திக் குடுத்துரலாம்னு வாங்குனேன் பாப்பா. ஊருக்குள்ள ஒரு பய ஒன்னயப் பேசிரக் கூடாதுல்ல."

அவள் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கண்ணீர் இலையில் விழுந்தது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என் கைப்பையிலும் அதே பாக்கெட் ஒன்று இருந்தது. அவளுக்குத் தெரியாமல் திங்கட்கிழமை வாங்கியது. அவர் தங்கைக்காக வாங்கினார். நான் வாங்கியது, போனில் பெருமை அடித்த என் வாயைக் காப்பாற்ற. ஜிப்பை இன்னொரு முறை இழுத்து மூடிவிட்டு, "அண்ணே, எனக்கும் கொஞ்சம் வெஞ்சனம்" என்றேன்.

அவர் காதில் விழவே இல்லை. நானே எழுந்து வாளியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.